தண்ணீர் குடிக்கப் போனவர்

குளிர்கால சீசனுக்கு அந்த மலை ஊருக்கு வந்து தங்குகிறவர்களைப் பற்றி வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே அபிப்பிராயம்தான்: ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. சொந்த வீட்டில் மூன்று போர்வைக்குள் சுருண்டு கிடப்பவர்கள்கூட, வாடகைக்கு எடுத்த மாடியில் ஹீட்டரை முப்பதில் வைப்பார்கள். அப்புறம் வேர்க்கிறதென்று ஜன்னலைத் திறந்து தெருவுக்கும் சேர்த்துச் சூடு ஏற்றுவார்கள். மாடியை வாடகைக்கு விட ஆரம்பித்த முதல் சீசனில் கரண்ட் பில் வாடகையில் பாதியைத் தின்று ஏப்பம் விட்டது. "இருபத்திரண்டுக்கு மேல் வைக்கக் கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினாள். விடுமுறைக்கு வந்தவன் கதவையா படிப்பான்?

வழி கண்டுபிடித்தவர் அவள் கணவர். பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். வேலையை விட்ட பிறகும் தெரு அவரை டைம்கீப்பர் என்றுதான் கூப்பிட்டது. வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர். அவர் ஒரு நாள் ஸ்குரூடிரைவரோடு மாடிக்குப் போய், சுவரில் இருந்த, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தெர்மோஸ்டாட் பெட்டியின் கம்பிகளைப் பிடுங்கிவிட்டு வந்தார். பெட்டி இருக்கும். திருகினால் 'டக்' என்று சத்தமும் வரும். அவ்வளவுதான்.

"நம்ம ரூம்ல இருக்கறதுதான் இனிமே நிஜப் பெட்டி. வீடு மொத்தமும் உன் கையில" என்றார்.

அந்த வார்த்தை அவளுக்கு வெல்லமாக இனித்தது. மாடிக்கு வந்தவர்கள் செத்த பெட்டியைத் திருகிவிட்டு, "இப்பத்தான் இதமா இருக்கு" என்று சொல்லும்போது, சமையலறைக்கு ஓடிப்போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மனுஷ மனசு எவ்வளவு முட்டாள், பாருங்கள் என்பாள். அவரும் தலையாட்டுவார். ஒரு வருஷம்கூட யாரும் குளிர்கிறது என்று புகார் சொல்லவில்லை.

அவர்களுடைய அறையில் நடந்தது வேறு கதை. அவளுக்குக் கோடையிலும் காலில் சாக்ஸ் வேண்டும். அவரோ வெளியே பனி கொட்டும்போதும் பனியனோடு படுக்கிற ஜாதி. படுக்கப் போகுமுன் அவள் பெட்டியைத் திருகுவாள். டக். சற்றைக்கெல்லாம் அவர் எழுந்துகொள்வார்.

"எங்க?"

"தண்ணி குடிச்சிட்டு வரேன்."

"குடம் குடமா குடிக்கறீங்களே, வயித்துக்குள்ள கிணறா வெட்டி வெச்சிருக்கீங்க?"

அவர் திரும்பி வந்து படுத்த கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஹீட்டர் குழாய் கிடுகிடுக்கும், அறையில் மெல்லச் சூடு பரவும். அவள் கால்விரல்களை நீட்டிக்கொண்டு தூங்கிப் போவாள்.

இந்தச் சீசன் தொடங்கும்போது டைம்கீப்பரின் வலது முட்டி அடியோடு மக்கர் செய்துவிட்டது. ஆபரேஷன்தான் என்றார்கள். "படி ஏறி இறங்கற வேலையா?" என்று டாக்டர் கேட்டதற்கு, அவர் வாயைத் திறக்குமுன் அவளே பதில் சொன்னாள்.

"இவரா? உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். டிப்போவுல நாற்காலிதான் தேஞ்சுது."

"முட்டி அப்படிச் சொல்லலையே" என்றார் டாக்டர். டைம்கீப்பர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் முடிந்ததும் நாத்தனார் வந்து ஆஸ்பத்திரியில் கூட இருந்துகொண்டாள். மாடிக்கு ஒரு பல் டாக்டர் குடும்பம் வந்திருந்ததால் வீட்டுக்காரம்மா வீட்டுக்குத் திரும்பினாள். வந்த அன்று சாயங்காலமே பல் டாக்டர் சால்வையைப் போர்த்திக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார்.

"மாடி ஐஸ் பெட்டி மாதிரி இருக்கும்மா."

"பெட்டியைத் திருகிப் பாருங்க சார்."

"திருகித் திருகிக் கைதான் வலிக்குது. பல்லெல்லாம் கிட்டிக்குது."

"அதுக்கு வைத்தியம் உங்களுக்கே தெரியுமே சார்" என்று சிரித்து அனுப்பிவிட்டாள். ஆனால் மனசு கேட்கவில்லை. பாவம், குழந்தைகள் இருக்கின்றன. தன் அறைக்குப் போய் நிஜப் பெட்டியைத் தாராளமாக ஒரு சுற்று ஏற்றினாள். டக். குழாய் கிடுகிடுக்கவில்லை. இன்னும் ஒரு சுற்று. ஊஹூம். இருக்கிற போர்வைகளில் பாதியை மாடிக்குக் கொடுத்துவிட்டு, மீதியைப் போர்த்திக்கொண்டு விறைத்துக் கிடந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிற ஆள் இல்லாமல் கட்டில் மைதானம் மாதிரி இருந்தது.

காலையில் ஹீட்டர் மெக்கானிக் வந்து மாடியைப் பார்த்தான். பிறகு அவள் அறைக்கு வந்து பெட்டியைக் கழற்றினான். பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"அக்கா, இதுல கம்பியே இல்லையே."

"மாடிப் பெட்டியைச் சொல்றீங்களா? அது எனக்குத் தெரியும், அது சும்மா..."

"அதுலயும் இல்லை. இதுலயும் இல்லை."

அவளுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறார் மனுஷர்! வீடு மொத்தமும் உன் கையில் என்று சொன்ன வாய்! வாடகைக்கு வந்தவர்களுக்கும் கட்டிய மனைவிக்கும் ஒரே பெட்டியா? அவள் சமையலறையில் நின்று ஊராரைப் பார்த்துச் சிரித்தபோதெல்லாம், அவர் யாரைப் பார்த்துத் தலையாட்டினார்? ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுத்திருக்கிறவர் என்றுகூடப் பார்க்கப்போவதில்லை, இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

மெக்கானிக் சாவதானமாகக் கேட்டான். "அப்போ இத்தனை வருஷமா வீடு எப்படிக்கா சூடாச்சு?"

"மெஷின் கீழே இருக்கு, பாருங்க" என்று கையைக் காட்டினாள்.

ஹீட்டர் மெஷின் வீட்டுக்கு அடியில், பழைய சாமான் போடும் அறையில் இருந்தது. அவள் அங்கே கால் வைத்ததே இல்லை. எலி இருக்கிறது, நீ போகாதே என்று டைம்கீப்பர் சொல்லியிருந்தார். செங்குத்தான படிகளில் மெக்கானிக் இறங்கிப்போனான். அவள் மேலேயே நின்று, "எலி பார்த்து!" என்று குரல் கொடுத்தாள்.

"எலியும் இல்லை, எலிப் புழுக்கையும் இல்லை. நீங்களே வந்து பாருங்க."

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். கைப்பிடி மரம் வழவழவென்று இருந்தது. கீழே மெஷினில் ஒரு திருகு. அதைச் சுற்றி இருந்த எண்கள் விரல் பட்டுப் பட்டு அழிந்துபோயிருந்தன.

"யாரோ விடாம வந்து ஏத்தி, இறக்கி வெச்சிருக்காங்க" என்றான் மெக்கானிக்.

பக்கத்துப் பலகையில் அவளுடைய எவர்சில்வர் டம்ளர் உட்கார்ந்திருந்தது. அவள் அம்மா கொடுத்த டம்ளர். மாடிக்கு வந்த யாரோ அமுக்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று அவள் மூன்று சீசனாகத் திட்டிக்கொண்டிருந்த டம்ளர். காய்ந்துபோய், தூசி படிந்து, ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்ட அடையாளம் இல்லாமல் இருந்தது.

அவள் அந்தப் படியிலேயே உட்கார்ந்தாள். படி ஏறி இறங்கற வேலையா என்று டாக்டர் கேட்டதும், தான் முந்திக்கொண்டு சொன்ன பதிலும் காதில் ஒலித்தன. மெக்கானிக் இருக்கிறான் என்றும் பாராமல் அழுதாள்.

அவன் கொஞ்ச நேரம் மெஷினைத் துடைக்கிற மாதிரி துடைத்துக்கொண்டிருந்தான். "சின்ன வேலைதான்க்கா. ரெண்டு பெட்டிக்கும் கம்பி இழுத்துடவா?"

"மாடிக்கு இழுங்க. குழந்தைங்க இருக்காங்க."

"உங்க ரூமுக்கு?"

"அது இருக்கட்டும்."

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நாத்தனார் சாப்பிடப் போயிருந்தாள். மனைவியைக் கண்டதும் டைம்கீப்பர் கேட்ட முதல் கேள்வி, "வீடு சூடா இருக்கா?" என்பதுதான். தன் முட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அவள் பையிலிருந்து டம்ளரை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். அவர் டம்ளரைப் பார்த்தார். திருட்டு முழி என்பார்களே, அதை அவர் முகத்தில் அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"எலி எப்படி இருக்கு?" என்றார் மெதுவாக.

"எலி ஆஸ்பத்திரியில படுத்திருக்கு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முட்டி வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க?"

"பில்லுக்குப் பயந்துதான் உன் பெட்டியையும் பிடுங்கினேன். நீயும் முப்பதுலதான வைப்ப? சொன்னா சண்டை வரும். சண்டை போட்டா பேசாம இருந்துடுவ." போர்வையின் ஓரத்தை மடித்துக்கொண்டே சொன்னார். "ஆனா முதல் நாளே நீ அதைத் திருகிட்டு, சூடு வரும்னு நம்பிப் படுத்துட்ட. தூக்கத்துல நடுங்கற. எனக்குப் பார்க்க முடியலை. போய் ஏத்திட்டு வந்தேன். விடியறதுக்குள்ள போய் இறக்கினேன். அப்படியே பழகிடுச்சு. மாடியில டக்குன்னாலும் அதே கதைதான்."

"கம்பியைத் திரும்ப மாட்டியிருக்கலாமே!"

"மாட்டினா நான் பொய் சொன்னது தெரிஞ்சுடுமே."

"சரி, பெட்டியில உயிர் இல்லைன்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொல்லியிருந்தா நீ திருகவே மாட்ட. குளிருதுன்னு வாய் திறந்து சொல்ற ஆளா நீ? அந்தச் சத்தம் வந்தாத்தானே எனக்குத் தெரியும்."

ஒரு கை பார்க்க வந்தவள் அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்க வேண்டியது ஒன்று மிச்சமிருந்தது.

"உங்களுக்கு வேர்க்குமே?"

"வேர்க்கும்தான்" என்றார். இத்தனை வருஷத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு, நோயாளி உடம்பு குளிரக் கூடாதென்று அவளே சாமான் அறைக்கு இறங்கி, எண்கள் அழிந்த திருகைத் தோராயமாக ஏற்றி வைத்தாள். அது பல் டாக்டர் குடும்பம் காலி செய்துவிட்டுப் போன நாள். மாடியிலிருந்து வந்த போர்வைகளை அவள் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தாள். டைம்கீப்பர் புரண்டு படுத்தார். பனியனைக் கழுத்தடியில் இழுத்து விட்டுக்கொண்டார். எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, ரொம்ப சுகம் என்றார். நெற்றி பளபளத்தது.

அவள் குனிந்து அடுத்த போர்வையை எடுத்தாள். பின்னால் சத்தம் கேட்டது. டக்.

நிமிர்ந்து பார்த்தாள். படுத்தபடியே கையை நீட்டி, அவர் பெட்டியைச் சூடு குறைகிற இடப்பக்கமாகத் திருகியிருந்தார். அந்தப் பெட்டியை அவர் தனக்காகத் தொட்டு அவள் பார்த்ததில்லை. கையை எடுக்காமல், செய்தது சரியா தப்பா என்று தெரியாத பார்வையோடு அவளைப் பார்த்தார்.

அவள் போர்வையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். மேசைமேல் இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"தண்ணி குடிக்க" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள்.