உதாரணத்துக்கு நானூற்றுப் பதினேழு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்ததையெல்லாம் தலையெழுத்து என்று நினைத்துக்கொள்வீர்கள். தலையெழுத்தும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நான்தான் காரணம்.

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே கம்பெனி. பங்குச் சந்தையில் மனிதர் கை படாமல் தானே வாங்கி விற்கும் மென்பொருள் செய்கிறோம். அந்த வேலையைச் செய்கிற செயற்கை அறிவுக்கு ஏஜென்ட் என்று பெயர். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். அவருடையது 417. மூன்று வருஷம் கூடவே உட்கார்ந்து பழக்கியது. குளிக்கும்போதுகூட அந்த எண்ணைத்தான் முணுமுணுப்பார். அவர் குழுவில் நாலு பேரை ஏற்கெனவே வீட்டுக்கு அனுப்பியாயிற்று. மாதக் கடைசிப் பரிசீலனையில் 417 தேறினால்தான் இவருக்கு வேலை. ஐம்பதை நெருங்குகிற ஆளை வேறு யார் கூப்பிடுவார்கள்?

என் வேலை கையேடு எழுதுவது. ஏஜென்ட்டுகளை அழிக்கும் புதிய கருவிக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னார் மேலாளர். எங்கள் பிரிவில் கண்டிப்பான வழக்கம் ஒன்று உண்டு: உதாரணம் என்று எதைப் போட்டாலும் ஒத்திகைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, வந்த பதிலை அப்படியே ஒட்டவேண்டும். ஒத்திகைக் கணினி அசலின் நகல்; அங்கே அழித்தால் அசலுக்கு ஒன்றும் ஆகாது. அதே ஏஜென்ட்டுகள், அதே எண்கள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் ஒன்றே ஒன்று. 417 என்று அடித்தேன். “நீக்கப்பட்டது” என்று வந்தது. ஒட்டினேன். கீழே, “நீக்கியதை மீட்க முடியாது” என்று தடித்த எழுத்தில் எழுதினேன்.

மதியச் சாப்பாட்டின்போது அவரிடம் காட்டினேன்.

“அடிப்பாவி, என் புள்ளையவே கொன்னுட்டியா!” என்று சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. “வேற நம்பர் போடேன். ஏதாவது இல்லாத நம்பரா.”

“இல்லாத நம்பர் போட்டா பிழைன்னு வரும். உதாரணம் ஓடணும்ங்க, அதான் ரூல்.”

“மனசுக்கு என்னமோ மாதிரி இருக்கு.”

“ஐயோ, சும்மா இருங்க. உதாரணத்தைப் பார்த்து அப்படியே செய்ய எந்த மடையன் இருக்கான்?”

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவர் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்து போனார்.

மடையன் இருந்தான். மேற்பார்வைக்கு வைத்திருந்த இன்னொரு ஏஜென்ட்டுக்கு என் பக்கத்தைப் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை காலை யாரோ அதனிடம், சும்மா கிடக்கிற ஏஜென்ட் ஒன்றை நீக்கச் சொன்னார்கள், எண்ணைச் சொல்லவில்லை. அது என் பக்கத்தைத் திறந்து, உதாரணத்தில் இருந்த எண்ணையே எடுத்துப் போட்டுக்கொண்டது. இந்த முறை ஒத்திகை இல்லை, அசல்.

அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

“போச்சும்மா.”

“திட்டுங்களேன். நாலு வார்த்தை திட்டிடுங்க.”

“மீட்க முடியாதுன்னு தடிச்ச எழுத்துல இருக்கே. நல்லாத்தான் எழுதியிருக்க.”

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே சொன்னார்.

மேலாளரிடம் போய்க் கத்தினேன், கெஞ்சினேன். பரிசீலனைத் தேதியை மாற்ற முடியாது என்றார். காட்ட ஒன்றும் இல்லாமல் பரிசீலனைக்குப் போன என் வீட்டுக்காரர், வெள்ளிக்கிழமை ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். வாசல்வரை போனேன். “நீயாவது வேலையை விட்டுடாதே” என்றார்.

திங்களன்று மேலாளர் கூப்பிட்டார். “அந்தப் பக்கத்துல ஒரு குறை இருக்கு மேடம். இல்லாத எண்ணைக் கொடுத்தா என்ன வரும்னு ஒரு உதாரணம் வேணும். வழக்கப்படி ஓட்டிப் பார்த்துப் போட்டுடுங்க.”

வந்து உட்கார்ந்தேன். எந்த எண்ணைப் போட்டாலும் இன்றைக்கோ நாளைக்கோ அது யாரோ ஒருவருடைய பிழைப்பு. எங்கள் கம்பெனியில் ஒருமுறை போன எண்ணை மறுபடி யாருக்கும் தருவதில்லை. இனி யாரையும் கெடுக்க முடியாத எண் எனக்கு ஒன்றுதான் தெரியும்.

417 என்று அடித்தேன். “அப்படி ஒரு ஏஜென்ட் இல்லை” என்று வந்தது. அப்படியே ஒட்டினேன்.