மேடையில் வைத்த காப்பி

என் மகன் சாவை எங்க குடும்பம் மன்னிச்சாச்சுங்கிற சேதி எனக்கே மைக்கில்தான் வந்துச்சு.

அப்போ நான் மேடைக்குப் பின்னால, பெண்கள் பள்ளிக்கூடத்து வகுப்பறையில, தப்கே ஆடப்போற பையன் ஒருத்தனுக்கு இடுப்புத் துணியை இறுக்கிக் கட்டிக்கிட்டிருந்தேன். வாயில குண்டூசி. வெளியில முற்றம் கொள்ளாத ஜனம். கோடை விழாவோட முதல் சாயங்காலம் இல்லையா, கஃபர் நுவார் ஊரே அங்கதான் கிடந்துச்சு. சோளப்பொரி வண்டிக்காரன் ஒரு பக்கம் கத்துறான், சிகாகோவிலேர்ந்தும் குவைத்திலேர்ந்தும் லீவுக்கு வந்த சொந்தக்காரங்க பிள்ளைங்க ஒரு பக்கம் கத்துதுங்க. முதல் ஆட்டம் எங்க குழுவோடது. நான் பரபரன்னு இருந்தேன்.

மைக்கில பேசினது அபூ தலால், செத்துப்போன என் புருஷனுக்கு அண்ணன். விழாக் குழுவுக்குத் தலைவர். மைக் கையில கிடைச்சா மனுஷன் லேசுல விடமாட்டார். யாருக்கோ நன்றி சொல்றார்னு நான் காதுலயே வாங்கலை. திடீர்னு ஜவாத் பேரு கேட்டுச்சு.

"…எங்க ஜவாதோட ரத்தத்தை, அல்லாஹ்வுக்காகவும், நம்ம வாசல் தேடி வந்திருக்கிற இந்தப் பெரியவங்க முகத்துக்காகவும்…"

குண்டூசி எல்லாம் வாயிலேர்ந்து கீழ கொட்டிப்போச்சு. பக்கத்துல துணிக்கு இஸ்திரி போட்டுக்கிட்டிருந்த என் சிநேகிதி தமாமைத் திரும்பிப் பார்த்தேன். அவ என்னைப் பார்க்காம இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தா.

"உனக்குத் தெரியுமாடி?"

"நேத்துதான் தெரியும். உன்கிட்ட சொன்னா நீ ஊரையே ரெண்டாக்கிடுவேன்னு உன் மச்சான்தான்…"

"பாவி! கூடவே இருந்து குழி பறிச்சியேடி!"

சொல்லிக்கிட்டே ஓடினேன்.

ஜவாத் எனக்கு ஒரே பிள்ளை. ரெண்டு கோடைக்கு முன்னாடி, அவனும் அவன் உயிர் சிநேகிதன் நிஸாரும், நிஸாரோட நம்பர் பிளேட் இல்லாத ஓட்டைக் காரை எடுத்துக்கிட்டுப் பள்ளத்தாக்குச் சாலையில போனானுங்க. வளைவுல கார் உருண்டுச்சு. என் பிள்ளை போய்ச் சேர்ந்தான், நிஸார் பிழைச்சான். அந்தச் சாலை ஆக்கிரமிச்சிருக்கிற ராணுவத்துப் பிடியில இருக்கு; நம்ம போலீஸ் அங்க வரக்கூடாது, அவங்க போலீஸ் வரமாட்டாங்க. அதனால விசாரணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கார் நிஸாரோடது. தூக்கி எடுத்தவங்ககிட்ட "நான்தான் ஓட்டினேன்"னு அவனே சொன்னான். அப்புறம் என்ன விசாரணை வேண்டிக்கிடக்கு?

ரத்தம் ஆறுற வரைக்கும் நிஸார் குடும்பம் ஊருல இருக்கக்கூடாதுன்னு பெரியவங்க பேசி முடிச்சாங்க. வீட்டைப் பூட்டிட்டு எரிக்கோ பக்கம் வாடகைக்குப் போனாங்க. நாங்க ஊரறிய மன்னிச்சாத்தான் திரும்பி வர முடியும். எத்தனையோ தரம் ஆள் அனுப்பினாங்க. ஒவ்வொரு தரமும் நான் முடியாதுன்னேன். அவங்க ஒலிவ மரத்துல காய் பறிக்க ஆளில்லாம தரையில உதிர்ந்து கிடந்ததைப் பார்த்தேன். நல்லா உதிரட்டும்னு நினைச்சேன். பொய் சொல்வானேன், வயிறு குளிர்ந்துச்சு.

மேடையில ஏறினப்போ விளக்கு வெளிச்சத்துல கண்ணு கூசுச்சு. ஒரு பக்கம் எங்க குடும்பத்து ஆம்பளைங்க, எதிர்ல நிஸார் குடும்பத்துக்காக மன்னிப்புக் கேட்டு வந்த பெரியவங்க. அவங்களுக்குத் தலைவர் ஹாஜி முன்ஸிர். அவருக்கு முன்னால சின்ன மேஜை மேல காப்பிக் கோப்பை. வாங்கினவர் வாயில வைக்காம கீழே வெச்சுட்டார். அதுதானே வழக்கம்? கேட்டது கிடைச்சாத்தான் குடிப்பாங்க. அவர் ஒரு வாய் குடிச்சுட்டா முடிஞ்சுது, அப்புறம் யாராலயும் மாத்த முடியாது. அபூ தலால் 'குடிங்க'ன்னு சொல்ல வாயெடுத்துட்டார்.

"யாரும் குடிக்கக்கூடாது!"

என் குரல் மைக்கில போய் முற்றம் பூரா அதிர்ந்துச்சு. முன் வரிசையில சிகாகோப் பிள்ளைங்க நாடகம் ஆரம்பிச்சுடுச்சுன்னு கை தட்டினதுங்க. பெத்தவங்க கையைப் பிடிச்சு அடக்கினாங்க.

"உம்மு ஜவாத், உள்ள போ. இது ஆம்பளைங்க பேச்சு"ன்னார் அபூ தலால், பல்லைக் கடிச்சுக்கிட்டு.

"பத்து மாசம் சுமந்தது ஆம்பளைங்களா மச்சான்? என் பிள்ளை ரத்தத்தை எடுத்து விழாவுக்குத் தோரணம் கட்டுறீங்களா?"

"ஊரு ஒண்ணாகணும்னுதான்… உன்கிட்ட கேட்டா நீ சம்மதிக்கமாட்டே."

"தெரிஞ்சுதானே கேக்கலை!"

ஹாஜி முன்ஸிர் எழுந்து நின்னார். "தாயே, நீ சொல்றது நியாயம். என்ன வேணும், சொல்லு."

எனக்கு என்ன வேணும்னு அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கே தெரியாது. வாய்தான் சொல்லுச்சு. "நிஸார் வரணும். பெரியவங்க முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டு மன்னிப்பு வாங்குறது என்ன ஆம்பளைத்தனம்? எப்படி ஓட்டினான், என் பிள்ளை எப்படிச் செத்தான், அவன் வாயால கேக்கணும். அப்புறம் சொல்றேன், குடிக்கலாமா வேண்டாமான்னு."

அப்படி ஒரு வழக்கமே கிடையாது. காப்பி குடிச்சு முடிக்கிற வரைக்கும் குத்தம் பண்ணினவன் இழந்தவங்க கண்ணுல படக்கூடாது. பெரியவங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. ஹாஜி முன்ஸிர்தான் தலையை ஆட்டினார். பள்ளிக்கூட வாசலுக்கு வெளியில ஒரு வேன்ல அந்தக் குடும்பம் காத்துக்கிட்டிருந்துச்சு. நல்ல சேதி வந்ததும் வீட்டுக்குப் போகலாம்னு பாத்திரம் பண்டத்தோட வந்திருந்தாங்களாம்.

நிஸார் வந்தான். கூட்டம் வழி விட்டுச்சு. வலது காலை இழுத்து இழுத்து நடந்தான். இவனா? எங்க குழுவுல என் பிள்ளைக்குப் பக்கத்துல நின்னு தரை அதிர ஆடினவனா? கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு, பேயறைஞ்ச மாதிரி இருந்தான். அவனுக்குப் பின்னாடியே அவன் அம்மா ஸப்ரிய்யா. ரெண்டு வருஷத்துல அவளுக்குத் தலை பூரா நரைச்சிருந்துச்சு.

"சொல்லு"ன்னேன்.

"நான்தான் ஓட்டினேன் சித்தி. வேகமாப் போனேன். தப்பு என் மேலதான். மன்னிச்சிடுங்க." மனப்பாடம் பண்ணின பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னான். என்னை நிமிர்ந்தும் பார்க்கலை.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறுச்சு. என் பிள்ளை சாவு உனக்கு ஒப்பிக்கிற பாட்டா? ஓங்கி அறைஞ்சேன். சத்தம் மைக்கில கேட்டுச்சு. கெட்ட காலு தாங்கலை, அப்படியே விழுந்தான்.

"போதும்!"

கத்தினது ஸப்ரிய்யா. அந்தப் பொம்பளை அதுவரைக்கும் சத்தமாப் பேசி யாரும் கேட்டதில்லை. "போதும்டி! இன்னும் எத்தனை அடி வாங்கணும் அவன்? அவன் ஓட்டலை! உன் மகன்தான் ஓட்டினான்!"

"யம்மா! வாக்குக் கொடுத்திருக்கேன்மா!"

நிஸார் அப்படிக் கூச்சல் போடலைன்னா ஸப்ரிய்யா சொன்னதை நான் நம்பியிருக்கமாட்டேன். செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லவா போறான்னு கேட்டிருப்பேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தும் வந்துச்சு. ஆனா இவன் இல்லைன்னு சொல்லலையே! வாக்குன்னுதானே கத்தினான்?

முற்றத்துல சோளப்பொரி மட்டும் சட்டியில வெடிச்சுக்கிட்டிருந்துச்சு.

நான் அவன் பக்கத்துல குந்தினேன். "யாருக்குடா வாக்குக் கொடுத்தே?"

அவன் அழுதான். "எனக்குத் தலைவலி சித்தி, அன்னைக்கு. ஜவாத்தான் குடு, நான் ஓட்டறேன்னான். கார் உருண்டப்புறம் உள்ள மாட்டிக்கிட்டிருந்தோம். அவனுக்கு வலியே தெரியலை. சிரிச்சான். 'நான் ஓட்டினேன்னு எங்கம்மாவுக்குத் தெரியக்கூடாதுடா, பால் ஹராம்னு சொல்லியிருக்காங்க, நீ ஓட்டினேன்னு சொல்லிடு'ன்னான். ரெண்டு பேரும் பிழைச்சுடுவோம்னு நினைச்சேன். சரின்னேன்."

அல்லாஹ்வே.

என் புருஷனை ரோடுதான் தின்னுச்சு. அதனால ஜவாதுக்குப் பதினஞ்சு வயசானப்பவே நான் சொல்லிவெச்சேன்: ஸ்டியரிங்கைத் தொட்டே, நீ என்கிட்ட குடிச்ச பால் உனக்கு ஹராம். தாய்மாருங்க கோவத்துல விடுற சாபம்தானே? நானும் சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். இதை நான் அவன்கிட்ட தவிர யார்கிட்டயும் சொன்னதில்லை. நிஸாருக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லித்தான் தெரியும். சாகப்போற நேரத்துல என் பிள்ளைக்குப் பயம் சாவு மேல இல்லை, என் மேல.

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமேடா! ரெண்டு வருஷம்!"

"எப்படிச் சொல்வேன்? பால் ஹராமோட போனான்னு உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க தாங்குவீங்களா?"

"எனக்கே போன மாசம் இவன் ஜுரத்துல உளறித்தான் தெரியும்"னா ஸப்ரிய்யா. "வாயைத் திறக்காதேன்னு என் காலைப் பிடிச்சான். நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் வந்தேன். நீ கை ஓங்காம இருந்திருந்தா அப்படியே வீட்டுக்குப் போயிருப்பேன்."

"மைக்கை அணைங்கடா"ன்னு அபூ தலால் யார்கிட்டயோ முணுமுணுத்தார். அதுவும் மைக்கில கேட்டுச்சு.

எல்லாரும் என்னையே பார்த்தாங்க. மன்னிக்கவா வேண்டாமான்னு ரெண்டு வருஷமா வீம்பு பிடிச்சேனே, மன்னிக்க என்கிட்ட என்ன இருந்துச்சு? காரணமே இல்லாம ஒரு குடும்பத்தை ஊரைவிட்டுத் துரத்திட்டு, ஒரு நொண்டிப் பிள்ளையை ஊரே பார்க்க அறைஞ்சுட்டு நிக்கிறேன்.

மேஜைக்குப் போய் ஹாஜி முன்ஸிருக்கு முன்னால இருந்த கோப்பையை எடுத்தேன். ஒரு சொட்டு உடுப்புல சிந்துச்சு. ஸப்ரிய்யாவுக்கு முன்னால வந்து மேடைத் தரையில உக்கார்ந்தேன். கோப்பையை எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சேன்.

"எனக்காகப் பேச நான் பெரியவங்க யாரையும் கூட்டிட்டு வரலை"ன்னேன். "உன்கிட்டயும் உன் மகன்கிட்டயும் நானே கேக்கறேன். நீ சொல்ற வரைக்கும் இதைத் தொடமாட்டேன்."

பொம்பளை பொம்பளைகிட்ட காப்பி வெச்சுக் கேட்டதை எங்க ஊரு பார்த்ததில்லை. எங்கேயோ ஒரு கிழவர் "இது என்ன கூத்து"ன்னார். யாரோ அவரை அதட்டினாங்க.

ஸப்ரிய்யா கோப்பையைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அவ கண்ணுல கோவம்கூட இல்லை, களைப்புதான் இருந்துச்சு.

"நாங்க எத்தனை தரம் ஆள் அனுப்பினோம் உம்மு ஜவாத்? ஒவ்வொரு தரமும் உன் வீட்டுல காப்பி ஆறிப்போச்சு, திரும்பி வந்துட்டோம்னு வந்து சொல்வாங்க. நான் ராப்பகலா உக்கார்ந்திருப்பேன்."

குனிஞ்சு மகனைத் தூக்கி நிறுத்தினா. அவன் கையைத் தன் தோள்ல போட்டுக்கிட்டா. நிஸார் என்னைத் திரும்பிப் பார்த்து, "யம்மா, சித்தி பாவம்மா"ன்னான். அவ காதுல வாங்கலை. மேடைப் படியில ஒண்ணொண்ணா இறக்கினா.

அவ வேனுக்குத்தான் போவான்னு எல்லாரும் நினைச்சோம். போகலை. வாசலைத் தாண்டி இடது பக்கம் திரும்பி, மேட்டுத் தெருவுல பூட்டிக் கிடந்த தன் வீட்டைப் பார்த்து நடந்தா. தடுக்க ஒருத்தரும் எழுந்திரிக்கலை. தமாம் மட்டும் வேன்ல இருந்த ஒரு மூட்டையைத் தலையில தூக்கிக்கிட்டு அவ பின்னால ஓடினா.

அபூ தலால் வந்து என் தோளைத் தொட்டார். "எழுந்திரிம்மா. பசங்க ஆட நிக்கிறாங்க, இடம் விடு."

"அவ சொல்லட்டும்"னேன். நான் எழுந்திரிக்கலை.