மூன்றாவது பாட்டு

இசைக்கல்லூரி விண்ணப்பத்தில் மூன்று பாட்டுகளை எழுதக் கட்டம் போட்டிருந்தார்கள். மூன்றாவது கட்டத்தில் மகள் சிம்ரன் தோடி ராகப் பாட்டை எழுதுவதை, அரிசி களைந்துகொண்டிருந்த நாகவல்லி சமையல்கட்டிலிருந்தே பார்த்துவிட்டாள். கையைக்கூடத் துடைக்காமல் வந்து நின்றாள்.

"தோடி வேணாம். மோகனம் போடு."

சிம்ரன் நிமிரவில்லை. அவளுக்குப் பாட்டு சொல்லித்தரும் கோமளா டீச்சர் இரண்டில் எதைப் பாடினாலும் சரி என்று சொல்லியிருந்தார். போன வருஷம் தேர்வுக்குப் போனவர்களில் பாதிப் பேர் மோகனம்தான் பாடினார்களாம், அந்தக் கும்பலில் போய் நிற்க முடியாது என்று அப்பாவிடம் சொல்லியிருந்தாள். அம்மாவிடம் அதைக்கூடச் சொல்லவில்லை.

நாகவல்லி முறையாகச் சங்கீதம் படித்தவள் இல்லை. பதினெட்டு வருஷமாக ஆர்க்கெஸ்ட்ராவில் பாடுகிறவள். கள்ளிக்குப்பம், பட்டாபிராம், காட்டுப்பாக்கம் என்று கல்யாண வரவேற்புகளிலும், ஆடி மாதம் கூழ் ஊற்றுகிற மேடைகளிலும், காதைக் கிழிக்கும் ஸ்பீக்கர்களுக்கு நடுவே சுருதி விலகாமல் நின்றவள். அந்தக் காதுக்கு ஒன்று தெரிந்திருந்தது. தோடிப் பாட்டின் சரணத்தில் மேலே ஏறுகிற ஓரிடத்தில் மகளின் குரல் ஒரு மயிரிழை கீழே விழுகிறது. பத்துத் தடவை பாடினால் எட்டுத் தடவை.

"மேல போற எடத்துல சுருதி எறங்குதுடி. ஒனக்குக் கேக்கல, எனக்குக் கேக்குது."

"ஆர்க்கெஸ்ட்ரா காது. அதுக்குத் தோடியப் பத்தி இன்னா தெரியும்?" பேனாவுக்கு மூடி போட்டபடி சாதாரணமாகத்தான் சொன்னாள் சிம்ரன்.

நாகவல்லியின் கையிலிருந்து அரிசித் தண்ணீர் தரையில் சொட்டியது. "அப்ப பாடு. பாடி அசிங்கப்பட்டுகினு வா."

அதற்குப் பிறகு பதினோரு நாள் பேச்சே இல்லை. தட்டில் சோறு வந்தது, தட்டு காலியாகத் திரும்பிப் போனது. காலையில் சிம்ரன் தோடியை எடுத்தால் நாகவல்லி மிக்ஸியைப் போட்டாள். ஒருநாள் அரைத்த சட்னியையே மறுபடி அரைத்தாள். துணி மடிக்கும்போது அவள் எதையாவது முணுமுணுத்தால் சிம்ரன் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள். தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஷிப்ட் முடிந்து வருகிற ஜெகதீசன் பொண்டாட்டிக்கும் பொண்ணுக்கும் நடுவில் தூது போய் அலுத்து, கடைசியில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக்கொண்டார்.

தேர்வு நாளன்று அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அதனால்தான் நாகவல்லி கூடப் போக வேண்டியதாயிற்று. கல்லூரி வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். தேர்வு அறைக் கதவு மூடியிருந்தாலும் அதற்கு மேலிருந்த சின்ன ஜன்னல் திறந்திருந்தது. வர்ணம் கேட்டது. அடுத்த பாட்டும் கேட்டது. பிறகு தோடி.

சரணம் வந்தபோது தன் இரண்டு கைகளும் முந்தானையை முறுக்கிக்கொண்டிருப்பதை நாகவல்லி பார்த்தாள். விழு, என்றது மனசு. இப்போ விழு. குரல் ஏறியது. அந்த இடத்தில் நின்று, அசைந்து, துளியும் பிசகாமல் இறங்கி வந்தது. நாகவல்லிக்குச் சப்பென்று ஆகிவிட்டது. தான் எதற்காகக் காத்திருந்தோம் என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது. பக்கத்தில் இருந்த பெண், உங்க பொண்ணா, நல்லா பாடுதே என்றாள். நாகவல்லி தலையை ஆட்டினாள்.

உள்ளே பாட்டு முடிந்து நாற்காலிகள் நகர்ந்தன. வீட்டில் வேறு யாராவது பாடுவார்களா என்று ஓர் ஆண்குரல் கேட்டது.

"யாரும் இல்லீங்க சார்," என்றாள் சிம்ரன்.

வெளியே வந்தவள் அம்மா உட்கார்ந்திருந்த இடத்தையும், தலைக்கு மேலே திறந்திருந்த ஜன்னலையும் பார்த்தாள். முகம் மாறியது. குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். தேர்வானவர்கள் பட்டியல் வர இரண்டு வாரம் ஆகும் என்று வாசலில் ஒட்டியிருந்ததை இருவரும் தனித்தனியாகப் படித்தார்கள்.

திரும்பும் ரயிலில் பெண்கள் பெட்டி பிதுங்கியது. ஒரே கம்பியை இருவரும் மேலும் கீழுமாகப் பிடித்து நின்றார்கள். வில்லிவாக்கத்தில் நேர் எதிரிலேயே ஓர் இடம் காலியானது. இரண்டு பேரும் நகரவில்லை. கீரைக்கூடையோடு ஏறிய ஒரு பெண், "குந்தலியா?" என்று இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே உட்கார்ந்து கூடையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி குலுங்கியபோதெல்லாம் கூடையிலிருந்து தண்ணீர் சொட்டியது, நாகவல்லியின் கால்விரல்கள் மேலும், சிம்ரனின் புதுச் செருப்பின் மேலும். இருவரும் காலை இழுத்துக்கொள்ளவில்லை.