தண்ணி ஆபீஸ் வாசலில் சிலுவையம்மாள்

பன்றிக் காய்ச்சல் என்ற பேரைக் கேட்டுத் திருவொற்றியூர் கடலோரக் குப்பம் முதலில் சிரித்தது. டிவியில் விமான நிலையத்தையும் முகமூடி போட்ட டாக்டர்களையும் காட்டினார்கள். ஏரோப்ளேனில் போகிறவனுக்கு வருகிற சீக்கு நமக்கு எங்கே வரப்போகிறது என்று கெங்கம்மா சொன்னதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். 2009 ஆகஸ்டில் அது ஸ்டானிஸ்லாஸுக்கு வந்ததும் சிரிப்பு நின்றது.

ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் ஆள். கப்பலில் ஏற்றிய கன்டெய்னர்கள் சாயாமல் கம்பி மாட்டி இறுக்குகிற வேலை. போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதால் காய்ச்சலோடே வேலைக்குப் போனான். மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகுதான் மீன் விற்கும் மனைவி சிலுவையம்மாள் அவனை ஆட்டோவில் ஏற்றி அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சோதித்துப் பார்த்து, அதுதான் என்று சொல்லித் தனி வார்டில் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் குப்பத்துக்குள் ஜீப் வந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் குணசேகரன் வாசலில் நின்றபடியே சிலுவையம்மாளுக்கும் மகள் கரோலினுக்கும் மாத்திரை கொடுத்தார். ஒரு வாரம் வெளியே போகக் கூடாது, அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், காய்ச்சல் வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று தன் செல் நம்பரையும் சொன்னார். கூட வந்தவர்கள் வாசலில் ப்ளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டுப் போனார்கள். அந்த வெள்ளைத் தூளைத் தாண்டி அதன்பிறகு யாரும் வரவில்லை.

கை கழுவத் தண்ணீர் வேண்டுமே! குப்பத்துக் குழாயில் காற்றுதான் வரும். அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர், சோப்பு நுரைக்காது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் லாரியை நம்பித்தான் அத்தனை வீடும் இருந்தன. லாரி வந்த அன்று சிலுவையம்மாள் துண்டால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, கூட்டத்துக்கு எட்டத்தில் குடத்தை வைத்துவிட்டு நின்றாள்.

"ஏ சிலுவ, நீ இன்னாத்துக்கு வந்த? பைப்பாண்ட வராத!" என்று கெங்கம்மா கத்தினாள்.

"வரலக்கா. நான் தள்ளியே நிக்கிறேன். நீ மட்டும் ரொப்பி வெச்சிடு, அப்பறமா வந்து எடுத்துக்கிறேன்."

"உன் குடத்த நான் தொட்டுட்டு எப்பிடி வூட்டுக்கு போறது? மருமவ மாசமா கீறா. அவளுக்கு ஒண்ணுன்னா நீயா பதில் சொல்லுவ?"

சிலுவையம்மாள் இன்னும் இரண்டடி பின்னால் நகர்ந்தாள். கெங்கம்மா மேல் அவளால் கோபப்படவும் முடியவில்லை. கரோலினைப் பெற்றெடுக்க வலியில் துடித்தபோது கூடவே இருந்தவள் அந்தக் கெங்கம்மாதான். ஒரு பைப்புக்கு இத்தனை பேர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். நடுவில் யாரோ இருமினார்கள். தன்னைத் துரத்தி என்ன பிரயோஜனம், இந்த நெரிசலே போதுமே சீக்கு பரவ என்று அவளுக்குத் தோன்றியது. லாரி காலியாகிப் போய்விட்டது. அவள் குடமும் காலிதான்.

வீட்டுக்குள் வந்ததும் குணசேகரனுக்குப் போன் போட்டாள்.

"யாருக்கும்மா காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்ல சார். தண்ணி இல்ல."

"அது எங்க டிபார்ட்மென்ட் இல்லம்மா. தண்ணி ஆபீஸ்ல சொல்லணும்."

"கை கழுவுன்னு சொன்னது எந்த டிபார்ட்மென்ட் சார்?"

"நான் அவங்ககிட்ட பேசிப் பார்க்கறேன்" என்றார். பேசவும் செய்தார். ஆனால் கூடுதலாக லாரி எதுவும் வரவில்லை. வழக்கமான லாரி அடுத்த முறை வந்தபோதும் பழைய கதையே நடந்தது. குடிக்க வைத்திருந்த கடைசிச் சொம்பைக் காட்டி, "அம்மா, இத குடிக்கறதா, கை கழுவறதா?" என்று கரோலின் கேட்டாள்.

சிலுவையம்மாள் மகளை உள்ளேயே இருக்கச் சொல்லிவிட்டு, துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, காலிக்குடத்தோடு கிளம்பினாள். பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ ஏறினால் பக்கத்தில் இருப்பவருக்கு ஆபத்து என்று வெயிலில் நடந்தே போனாள். தண்ணி ஆபீஸ் கேட்டுக்கு வெளியே, லாரிகள் திரும்புகிற இடத்தில் குடத்தை வைத்து உட்கார்ந்தாள்.

"எழுந்திரும்மா, லாரி வரும்" என்று வாட்ச்மேன் வேதமாணிக்கம் தடியைத் தூக்கினார்.

"கிட்ட வராதண்ணே. எங்க வூட்டுக்காரரு பன்னி காய்ச்சல்ல படுத்துகினு கீறாரு. எனக்கு வரல. ஆனா வராதுன்னு என்னால சொல்ல முடியாது."

தடி இறங்கிவிட்டது. மனு கொடுக்க வந்தவர்கள் ஒதுங்கினார்கள். போலீஸ்காரர் ஒருவர் வந்து, தூரத்திலிருந்தே அதட்டிவிட்டு, அங்கேயே நின்றுவிட்டார். மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறும்போது ஜனங்கள் மூக்கைப் பொத்தி நகர்வது அவளுக்குப் பழக்கம். அப்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்வாள். இன்றைக்குக் குனியவில்லை.

கடைசியில் இன்ஜினியர் மாடிப்படியில் வந்து நின்றார். "ஒரு குடம்தானே? வாட்ச்மேனை ரொப்பித் தரச் சொல்றேன், போம்மா."

"எனக்கு மட்டும் வாணாம் சார். எங்க குப்பத்துக்கு தெனமும் வேணும். தெருவோட ரெண்டு பக்கமும் தொட்டி வெக்கணும். ஒரே பைப்புல எல்லாரும் முட்டிகினு நின்னா சீக்கு பரவாம இன்னா பண்ணும்?"

"லாரி இல்லம்மா. எல்லாம் அபார்ட்மென்ட்டுக்கும் கம்பெனிக்கும் புக் ஆயிருக்கு."

"அவங்க இன்னிக்கி ஒரு நாளு கை கழுவாம இருக்கட்டும் சார்."

அதற்குள் விஷயம் கேள்விப்பட்டுக் குணசேகரன் ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தார். வெளியே வந்ததற்கு முதலில் அவளைத்தான் திட்டினார். பிறகு இன்ஜினியரைப் பார்த்து, "சார், அந்தக் குப்பத்துல அடுத்த கேஸ் வந்தா, காரணம் தண்ணி இல்லாததுன்னுதான் ரிப்போர்ட் எழுதுவேன்" என்றார். இன்ஜினியர் குப்பத்துக்கு ஒதுக்கிய லாரி கேட்டைத் தாண்டும் வரை சிலுவையம்மாள் எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமே தெருவின் இரண்டு முனையிலும் கறுப்புத் தொட்டிகள் வந்தன. ஸ்டானிஸ்லாஸும் இளைத்துத் துரும்பாக வீடு திரும்பினான். அவன் இடத்தில் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டார். சிலுவையம்மாள் ஒரு வாரம் முடிந்து மறுபடி மீன் கூடையைத் தூக்கினாள்.

ஒருநாள் தொட்டியில் தண்ணீர் பிடிக்கும்போது, சாத்தியிருந்த கெங்கம்மா வீட்டுக்குள்ளிருந்து அவள் மருமகள் வரலட்சுமியின் இருமல் கேட்டது. விடாத, வறட்டு இருமல். சிலுவையம்மாள் போய்க் கதவைத் தட்டினாள்.

"வரலட்சுமிக்கு எத்தினி நாளாக்கா?"

கெங்கம்மா கதவைப் பாதிதான் திறந்தாள். "சத்தம் போடாதடி. ஜீப்பு வந்தா தெருவே பாக்கும். வாசல்ல பவுடர் போடுவான். அப்பறம் எவ எங்கள சேத்துக்குவா?"

"நான் சேத்துக்கிறேன். அவ வயித்துல புள்ள கீது. கெளப்பு!"

ஆட்டோ வந்து நின்றதும் வாசலுக்கு வாசல் தலைகள் தெரிந்தன. வரலட்சுமியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, சிலுவையம்மாள் தெருவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இன்னா பாத்துகினு கீறீங்க? இன்னும் யார் வூட்ல ஜுரத்த ஒளிச்சி வெச்சினு கீறீங்களோ, கூட்டினு வாங்க. நான் கூட வர்றேன்!"

சில தலைகள் உள்ளே மறைந்தன. பிறகு மூன்றாம் வீட்டுக் கதவு திறந்தது. சீனியம்மாள் போர்வையில் சுற்றிய மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்தபடி ஆட்டோவை நோக்கி வந்தாள்.