மோவாயில் வைத்த கை

அவளுக்கு அவன் வைத்த பெயர் யோசனைக்காரி. எப்போது பார்த்தாலும் இடது கையை மோவாயில் வைத்துக்கொண்டிருப்பாள். கல்யாணமான புதிதில், "அப்படி என்னதான் யோசனை?" என்று கேட்டான். அவள் சிரித்து மழுப்பினாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

உண்மையில் அவள் எதையும் யோசிக்கவில்லை. மறைத்துக்கொண்டிருந்தாள். மோவாய்க்கு அடியில் அவளுக்குக் கறுத்த முடிகள் சில வளரும். பிடுங்கிப் பார்த்தாள். பிடுங்கிய இடத்தில் முடி வெளியே வராமல் உள்ளேயே சுருண்டு, சிவந்து, சிறு கொப்புளமாகக் கிளம்பியது.

அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். மேஜைக்கு மேஜை முகம் பார்க்கும் கண்ணாடி. போதாததற்கு, காதுக்குப் பின்னால் கம்பி அழுத்துகிறதா என்று பார்க்க வாடிக்கையாளர் முகத்துக்குப் பக்கத்தில் குனிய வேண்டும். கல்யாணத்துக்கு முன்பு ஒருநாள் ஒரு சின்னப் பெண்ணுக்கு முதல் கண்ணாடியை மாட்டிவிட்டாள். உலகம் தெளிவாகத் தெரிந்த சந்தோஷத்தில் குழந்தை நிமிர்ந்து பார்த்து, கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னது: "ஆன்ட்டி, எங்கப்பாவுக்கு இருக்கிற மாதிரியே உங்களுக்கும் முள்ளு இருக்கு!"

அன்றைக்கு மோவாய்க்குப் போனதுதான் அந்தக் கை.

கல்யாணத்துக்குப் பிறகு அவனுடைய ரேசர் கைக்கு வந்தது. அவன் வேலைக்குப் போனதும் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். இரண்டு இழுப்பு. அலசி, உதறி, கைப்பிடி எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அந்தப் பக்கமே திருப்பி வைத்துவிடுவாள். தனக்கென்று ஒன்று வாங்கினால் அதை எங்கே ஒளிப்பது? அவன் ரேசர் பட்டப்பகலில் அலமாரியில் நிற்கிறது. அதை யார் சந்தேகப்படப் போகிறார்கள்?

அவன் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேஜையில் இருந்தான். அந்த வேலை அவனுக்கு உயிர். உள்ளே நுழையும் தம்பதி வழியில் சண்டை போட்டிருக்கிறார்களா என்று பெட்டியை யார் தூக்கி வருகிறார் என்பதை வைத்தே சொல்லிவிடுவான். சண்டை என்றால் ஜன்னல் உள்ள அறையாகப் பார்த்துக் கொடுப்பான். "வேடிக்கை பாத்தாங்கன்னா கோபம் பாதி இறங்கிடும்," என்பான்.

அவன் கழுத்தெல்லாம் சிவப்புச் சிவப்பாகக் கிளம்பியபோது இருவருமாகத் தோல் டாக்டரிடம் போனார்கள்.

"பயப்பட ஒண்ணுமில்ல," என்றார் டாக்டரம்மா. "ஒவ்வொரு முடியும் ஒரு சின்னக் குழியிலிருந்து வருது. அதுதான் மயிர்க்கால். ஷேவ் பண்றப்போ தோல் கீறுது. அது வழியா கிருமி உள்ளே போனா குழி வீங்கிச் சீழ் வைக்குது. கிள்ளாதீங்க, நசுக்காதீங்க. வெந்நீர்ல துணி நனைச்சு ஒத்தடம் குடுங்க. இந்தக் களிம்பு போடுங்க. ஆறுற வரைக்கும் ஷேவிங் வேண்டாம். அப்புறம் புது பிளேடு போட்டு, முடி வளர்ற பக்கமா இழுங்க. எந்தப் பக்கம்னு கட்டைவிரலால தடவினா தெரிஞ்சிடும். முக்கியமா, ரேசர், துண்டு எதையும் யாரோடவும் பங்கு போடக்கூடாது."

அவன் சிரித்தான். "எங்க வீட்ல மீசை எனக்கு மட்டும்தான் டாக்டர்."

டாக்டரம்மாவும் சிரித்தார். அவள் கைப்பையின் ஜிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தாடியோடு மேஜையில் நிற்கக் கூடாது என்று மேனேஜர் அவனை ஸ்டோருக்கு அனுப்பினார். போர்வையும் தலையணை உறையும் அடுக்கும் வேலை. "போர்வையெல்லாம் ரொம்ப நல்லவங்க. எதிர்த்துப் பேசறதே இல்ல," என்று வீட்டுக்கு வந்து சொல்வான். சிரிப்பு கண் வரைக்கும் வராது. அவள் வெந்நீரில் துணியை முக்கி, தன் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவன் கழுத்தில் ஒத்தடம் கொடுப்பாள்.

கழுத்து ஆறியது. புது பிளேடு போட்டு, சொன்னபடி ஷேவ் செய்துகொண்டு, விசிலடித்தபடி பழைய இடத்துக்குப் போனான்.

அவளும் ரேசரைத் தொடுவதில்லை என்று சபதம் எடுத்திருந்தாள். காத்தும் வந்தாள். ஆனால் கடையில் ஒரு வாடிக்கையாளர் அவளை நிமிர்ந்து பார்த்து, சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் காலை ரேசரை எடுத்தாள். ஒரு தடவைதானே. வெந்நீரில் அலசித்தான் வைத்தாள். அப்புறம் இன்னொரு தடவை.

அவன் கழுத்தில் மறுபடி சிவப்பு கிளம்பியது.

"மேனேஜர் பாத்துட்டார்," என்றான் அன்று சாயங்காலம், நாற்காலியில் தலையைச் சாய்த்துக்கொண்டு. "இது இப்படி வந்துகிட்டே இருந்தா ஸ்டோர்லயே இருந்துக்கோங்கன்னு சொல்றார். சொன்னதெல்லாம்தான் செஞ்சேன். என் தோலுதான் சரியில்ல போல. விடு, போர்வைங்க என்னை மறந்திருக்காது."

அவள் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த துணியைக் கிண்ணத்திலேயே போட்டாள்.

"உங்க தோல்ல ஒண்ணுமில்ல."

"பின்னே?"

அவள் விளக்குக்கு நேராகப் போய் நின்று முகத்தைத் தூக்கிக் காட்டினாள். "இங்க பாருங்க."

"என்னத்தை?"

"கிட்ட வந்து பாருங்க."

அவன் எழுந்து வந்து குனிந்தான். சிவந்த புள்ளிகளும் நடுவில் குத்தி நிற்கும் முடியும் அவன் கண்ணில் படுவதை, கண்ணை மூடியிருந்தும் அவளால் உணர முடிந்தது.

"உங்க ரேசராலதான் எடுத்தேன். எப்பவும். என்கிட்டேருந்துதான் உங்களுக்கு வந்திருக்கு."

அவன் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தான்.

"வலிக்குதா?" என்று கேட்டான்.

திட்டு வாங்கத்தான் அவள் தயாராக இருந்தாள். ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"ஏம்மா சொல்லல?"

"மீசை உங்களுக்கு மட்டும்தான்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே."

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். "நான் ஒரு கூமுட்டை." பிறகு, ஏதோ புரிந்த மாதிரி அவள் இடது கையைப் பார்த்தான். "அப்போ இத்தனை நாளா நீ யோசிக்கவே இல்லையா?"

"ஒண்ணுமே யோசிச்சதில்ல."

"ஐயையோ! பெரிய அறிவாளியைக் கட்டிக்கிட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டேனே!"

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவன் அவளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுக் கிண்ணத்துத் துணியை எடுத்தான்.

"அது வேண்டாம், அது உங்களோடது," என்றாள் அவசரமாக.

"சரி சரி, பங்கு கிடையாது." பீரோவிலிருந்து புதுத் துணி வந்தது. வேறு கிண்ணத்தில் வெந்நீர் வந்தது. அவள் செய்வது போலவே மணிக்கட்டில் சூடு பார்த்தான்; சுட்டுக்கொண்டு கையை உதறினான்; ஆறவைத்து, அப்புறம் அவள் மோவாயில் ஒத்தினான்.

"நாளைக்கு ரெண்டு பேரும் டாக்டரைப் பாக்கறோம். உனக்கு ஏன் அங்க முடி வளருதுன்னும் கேக்கறோம். காரணம் தெரிஞ்சுபோச்சுன்னு மேனேஜர்கிட்ட நான் சொல்லிக்கறேன். என்ன காரணம்னு சொல்ல மாட்டேன். உனக்கு ஒரு ரேசர். பச்சைக் கலர். என் ரேசர் பக்கத்துலயே நிக்கட்டும்."

துணியை எடுத்துவிட்டு அவன் கட்டைவிரலை நீட்டினான். "எந்தப் பக்கம் வளருதுன்னு பாத்துடலாமா?"

"கையைக் கழுவினீங்களா?"

"இதோ, கழுவிட்டு வரேன் தாயே."

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அவள் இடது கை பழக்கத்தில் மேலே எழும்பியது. பாதியில் நிறுத்தி, அதை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் ஈரக்கையோடு திரும்பி வரும்வரை, விளக்கைப் பார்த்தபடி முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள்.