பின்னேரத்துக்குள் சரியாகிவிடும்

விதுர்ஷா கம்பியூட்டரின் பக்கத் தகட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். உப்புக்காற்றில் துருவேறிய தகடு லேசில் வர மாட்டேன் என்றது.

"தம்பி போயிற்றானா?" என்று கட்டிலில் கிடந்த அப்பா கேட்டார்.

"அவன் போகல்ல அப்பா. இந்தச் சனியன்தான் நிண்டிற்று."

அப்பா கனகசிங்கம் கறுத்துப்போன திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டிருந்தார் என்பதும் ஒரு பேச்சுக்குத்தான். சீனி வருத்தம் முதலில் கால்விரல்களைக் கொண்டுபோனது, பிறகு கண்ணைக் கொண்டுபோனது, இப்போது சிறுநீரகத்தில் வந்து நிற்கிறது. இனி வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன பொருள் என்று அவர்களின் ஊரான சித்தாண்டியில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். போன் திரை அவருக்கு வெறும் வெளிச்சம். இந்தப் பெரிய திரையைக் கட்டிலோடு ஒட்டி வைத்து, மூக்கு முட்டுகிற அளவுக்குக் கிட்டப் போனால்தான் ஒரு ஆளின் உருவம் பிடிபடும்.

தம்பி வினோஜன் பாரிஸில் இருந்தான். அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. கையில் கடவுச்சீட்டும் இல்லை. தகப்பன் சாகக் கிடக்கிறார் என்றால் வழக்கு இரக்கப்படவா போகிறது. அவன் வர மாட்டான் என்பதை அப்பாவும் ஏற்றுக்கொண்டுவிட்டார். குரலைத்தான் தினமும் போனில் கேட்கிறாரே. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "அவன்ட முகத்த ஒருக்காக் காட்டு புள்ள."

அந்தக் காலையில் காட்டவும் செய்தாள். திரை ஒளிர்ந்தது, வினோஜன் வந்தான். அப்பா இரண்டு கையையும் ஊன்றி எழும்பி, முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோனார். "மனே, அது தாடியா, நிழலா?" என்று கேட்டார். பதில் வருவதற்குள் கம்பியூட்டர் செத்துப்போனது.

இது இன்று நேற்று வந்த வியாதி இல்லை. வினோஜன் வெளிநாடு போக முதல், ஏறாவூரில் நிஸ்தாரின் கம்பியூட்டர் கடையில் ஒவ்வொரு சாமானாக வாங்கித் தன் கையாலேயே பூட்டிய பெட்டி அது. அவன் இருந்தவரை ஒழுங்காக ஓடியது. இப்போது ஒருநாள் மத்தியானம் வரை குணமாக ஓடும், மறுநாள் எழும்பும்போதே விழும். சிலவேளை நீலத் திரையில் வெள்ளை எழுத்தைக் கொட்டிவிட்டுச் சாகும், சிலவேளை கரண்டைப் பிடுங்கினாற்போல ஒரு சொல்லும் சொல்லாமல் போகும். விதுர்ஷா புளியந்தீவில் ஒரு மருந்துக்கடையில் வேலை செய்தாள். வேலை முடிந்து வந்து இதோடு மல்லுக்கட்டுவாள். கரண்ட் பிழையாக்கும் என்று ஸ்டெபிலைசர் வைத்துப் பார்த்தாள். வைரஸாக்கும் என்று விண்டோஸைப் புதிதாகப் போட்டுப் பார்த்தாள். வயர்களை மாற்றினாள். உள்ளே கைவைக்க மட்டும் பயம்.

நிஸ்தார் சாமான் எடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தான். நாளைக்குத்தான் வருவான். போனில் அவன் சொன்னது இதுதான்: "தங்கச்சி, ஒண்ட மாத்திட்டு ஓட உட்டுப் பாருங்க. சரிவரல்லயா, அத உட்டுட்டு மத்தத மாத்துங்க. அவசரப்பட்டா குத்தம் எங்க இரிக்கிண்டு வெளங்காமப் போயிரும். சரிவந்தாலும் கொஞ்சநேரம் ஓட உட்டுப் பாத்துட்டுத்தான் மூடனும்."

தகடு கழன்று வந்த நேரம் அவளுடைய போன் அடித்தது. வினோஜன்தான்.

"அக்கா, திரும்பப் போடு. ரெண்டு நிமிசமெண்டாலும் காணும், அது போதும்."

"காணாது. நடுவுல நடுவுல நிண்டா அப்பா களைச்சிருவார். மூடியக் கழட்டிற்றன். பின்னேரத்துக்குள்ள சரியாக்கிறன். மறுகா நீ ஆறுதலா இருந்து கதை."

"இப்பயே ஒருக்காப் போட்டுப் பாரன்."

"சொன்னாக் கேள்றா. நீயும் அந்தத் தாடிய எடு. அப்பாக்கு முகம் பிடிபடுதில்ல."

அப்பாவும் கட்டிலிலிருந்து சொன்னார். "ரெண்டு நிமிசம் காணும் புள்ள."

"கொஞ்சம் இரிங்கப்பா. வடிவாப் பாக்கலாம்."

விதுர்ஷா சின்னவயதிலிருந்தே அப்படித்தான். அரைகுறையாக ஒன்றைச் செய்வது அவளுக்குப் பிடிக்காது. செய்தால் திருந்தச் செய்வாள் என்று ஊரே மெச்சும். அந்தக் குணம் அன்றைக்கு அவளுக்குக் கேடாய் வந்தது.

வெளியே அந்தப் பெட்டியில் ஒரு பொட்டுத் தூசு இல்லை. அம்மா துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தாள். உள்ளே பார்த்தால் சாம்பல் நிறத்தில் மாவுபோல ஏதோ படிந்து, வாவிக்காற்றின் ஈரத்தில் கட்டிபட்டு, காற்றாடிக்குக் கீழேயுள்ள தகடுகளை அடைத்துக் கிடந்தது. ராம் என்ற நினைவக அட்டைகள் செருகியிருந்த பள்ளத்திலும் அதே மாவு. விரலில் எடுத்துத் தேய்த்தாள். மணந்து பார்த்தாள். திருநீறு.

வீட்டில் தோதான ப்ளக் இருந்தது சாமிப் படத்துக்குக் கீழே மட்டும்தான். அதனால் கம்பியூட்டரும் அங்கேதான் நின்றது. மகன் போன நாளிலிருந்து அம்மா அன்னப்பூரணி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் விளக்கேற்றிவிட்டு, அவன் நெற்றியில் பூச முடியாத குறைக்கு, அவன் பூட்டிய பெட்டியின் தலையில் ஒரு சிட்டிகை வைப்பாள். தலையில் சூடு வெளியேறுவதற்கு வலைபோலத் துளைகள். வெளியே நின்றதைச் சனிக்கிழமை துடைத்துவிடுவாள். உள்ளே விழுந்ததை யார் கண்டது.

விதுர்ஷாவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. குசினிக்குள் எட்டிப் பார்த்தாள். அம்மா அப்பாவுக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தாள், முதுகு மட்டும் தெரிந்தது. இதைப் போய் அவளிடம் எப்படிச் சொல்வது. திரும்பி வந்து வேலையைத் தொடங்கினாள்.

புதுப் பல்துலக்கியால் தகடு தகடாகச் சுரண்டினாள். ராம் அட்டைகளைக் கழற்றி அவற்றின் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தாள். பள்ளத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தாள். அது நன்றாகக் காய வேண்டும், ஈரத்தோடு பூட்டினால் எல்லாம் எரிந்துபோகும். பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சா புள்ள?"

"இன்னும் கொஞ்சம் அப்பா."

வெயில் யன்னலைத் தாண்டி இறங்கியது. அவர் மறுபடியும் கேட்டார். அவளும் மறுபடியும் அதையே சொன்னாள். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. நித்திரையாகிவிட்டார், நல்லது, எழும்பும்போது முகம் தெளிவாகத் தெரியும் என்று நினைத்தாள்.

பூட்டி, பொத்தானை அழுத்தினாள். காற்றாடி சுற்றியது. திரை வந்தது. அவள் உடனே தம்பிக்கு அழைப்பு எடுக்கவில்லை. நிஸ்தார் சொன்னதுபோல ஏதோ ஒரு படத்தைப் போட்டுச் சத்தத்தைக் குறைத்து ஓடவிட்டுப் பார்த்தாள். நிற்கவில்லை. இன்னும் கொஞ்சம் ஓடவிட்டாள். நிற்கவேயில்லை. அதற்குப் பிறகுதான் வினோஜனுக்கு எடுத்தாள்.

அவன் தாடியை மழித்திருந்தான். நாடிக்குக் கீழே பிளேடு கீறிய சிவப்புக் கோடு. முகம் பள்ளிக்கூடம் போன காலத்து முகமாக இருந்தது.

"அப்பா, எழும்புங்க. தம்பி வந்திற்றான்."

கஞ்சிக் கோப்பையோடு வந்த அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு அவருடைய மூக்குக்குக் கீழே கையை வைத்துப் பார்த்தாள். அப்படியே கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாள்.

"அக்கா, கெமராவ அப்பாட பக்கம் திருப்பு," என்றான் வினோஜன்.

அவள் திருப்பினாள்.

அதன்பிறகு அந்தக் கம்பியூட்டர் ஒருதரமும் நிற்கவில்லை. இரவு முழுக்க ஓடியது. விடிந்து, பந்தல் போட்டு, பறை வந்து, பிரேதம் ஹோல் நடுவில் கிடந்தபோதும் ஓடியது. பார்க்க வந்தவர்கள் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, மேசையில் இருந்த மகனின் முகத்தைப் பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். வினோஜன் அழுதான், ஓய்ந்தான், இருந்த இடத்தை விட்டு எழும்பவில்லை.

மத்தியானம் நிஸ்தார் கொழும்பிலிருந்து நேரே வந்தான். காற்றாடிச் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டான். "நல்லா ஓடுதே. என்ன குத்தம் தங்கச்சி?"

பக்கத்தில் இருந்த அம்மா தலையை நிமிர்த்தினாள்.

"தூசு," என்றாள் விதுர்ஷா.

"நான் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை துடைக்கிறனே மகள்."

"அது வெளியில அம்மா. இது உள்ளுக்கப் போற தூசு. ஆராலயும் ஒண்டும் செய்யேலாது."

நிஸ்தார் ஏதோ கேட்க வாயெடுத்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பந்தலுக்கு இறங்கிப் போனான். அவளுக்கு அம்மாமேல் இப்போது கோபம் இல்லை. ரெண்டு நிமிசம் காணும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். வடிவாகப் பார்க்கலாம் என்று சொன்னது அவள்தான். அந்த நினைப்பு வந்த ஒவ்வொரு தரமும் தன்னைத் தானே அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது.

சவப்பெட்டியைத் தூக்கும்போது மகன் செய்ய வேண்டிய கடமைகளைச் சித்தப்பாவின் மகன் செய்தான். சவக்காலைக்குப் போனைக் கொண்டுபோய் அடக்கத்தைக் காட்டவா என்று அவன் திரையைப் பார்த்துக் கேட்டான்.

"வேணாம். அங்கெல்லாம் ஆம்பிளயள் போங்க," என்றான் வினோஜன். "நான் அம்மாவோட இஞ்ச நிக்கிறன்."

ஆண்கள் எல்லோரும் பறைக்குப் பின்னால் போனார்கள். வீட்டில் பெண்களும் அவனும்தான் மிச்சம்.

பிரேதம் படலையைத் தாண்டினால் வீட்டை மூலைமுடுக்கு விடாமல் கழுவ வேண்டும். பக்கத்து வீட்டு மாமி வாளியில் தண்ணீர் அள்ளி வந்தாள். தரையில் ஓடிக்கிடந்த வயரைப் பார்த்து நின்றாள். "அத நிப்பாட்டு புள்ள. கரண்ட் அடிக்கும். மேசையத் தூக்கி வெளியில வெச்சிற்றுக் கழுவுவம்."

விதுர்ஷா ப்ளக்கில் கைவைத்தாள். திரையில் வினோஜன் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பார்த்திருந்தான். நிப்பாட்டாதே என்று சொல்லவில்லை.

அவள் கையை எடுத்துவிட்டாள். ப்ளக்கைக் கழற்றாமலே வயரைச் சுருட்டி மேசைமேல் போட்டாள். பழைய சாக்கு இரண்டை முறுக்கி மேசையைச் சுற்றி அணைபோல வைத்தாள். "அங்கால ஊத்துங்க மாமி."

"கழுவாம அப்பிடி விடப்படாது புள்ள."

"ஊத்துங்க."

தண்ணீர் கட்டில் கிடந்த இடத்தில் ஓடி, வாசலால் இறங்கி முற்றத்து மணலில் சுவறியது. அம்மா விளக்குமாறால் தள்ளித் தள்ளிக் கழுவினாள், சாக்குக்குக் கிட்ட வந்ததும் நின்று, திரும்பி, மற்றப் பக்கம் கழுவப் போனாள். மேசைக்குக் கீழே ஒரு பாய் அளவு தரை மட்டும் காய்ந்தபடி கிடந்தது. சாவீட்டுக்கு வந்தவர்களின் கால்மண் அதில் அப்படியே இருந்தது.