பெயர் மாற்றப்பட்டுள்ளது

வெளியீட்டு விழாவுக்கு இரண்டு மணித்தியாலம் இருக்கும்போதுதான் புத்தகப் பெட்டிகள் கொழும்பிலிருந்து நுவரெலியா ஹோட்டலுக்கு வந்து சேர்ந்தன. ஜீவராணி ஒரு பிரதியை உருவி எடுத்து, அட்டையைக்கூடப் பார்க்காமல் நேரே நாற்பத்தோராம் பக்கத்தைப் புரட்டினாள். அவள் கைப்பட வெட்டிவிட்ட வரி, வெட்டிய இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெயர். அதன் மேற்பிரிவு. அங்குள்ள பிள்ளைக்காம்பராவின் பொறுப்பாளர் வசந்தி. வசந்திக்குப் பக்கத்தில், அடைப்புக்குறிக்குள், பெயர் மாற்றப்பட்டுள்ளது என்ற குறிப்பு.

பெயரை மாற்றிவிட்டார்களாம். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடந்தான் பிள்ளைக்காம்பரா. ஒரு பிரிவுக்கு ஒன்றுதான் இருக்கும், அதற்கு ஓர் ஆயாதான் இருப்பாள். அவளுக்கு வசந்தி என்று வைத்தால் என்ன, விக்டோரியா என்று வைத்தால் என்ன?

ஹட்டனில் ஒரு புடவைக் கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ஊடக ஆய்வு, அறநெறி நிலையத்துக்கு ஜீவராணி பணிப்பாளர். தலைவர் பரமலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், கல்வித் திணைக்களத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர், பாதி ஆயுளை மலையகத்திலேயே கழித்தவர். நேர்மையான மனிதர். அதுதான் கரைச்சலே. அயோக்கியனாக இருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போய்விடலாம். இவரோடு சண்டை போட்டால் நமக்கே ஒரு மாதிரி ஆகிவிடும்.

அந்த வசந்தியின் உண்மைப் பெயர் பிரியந்தி. அவள் பார்த்துக்கொண்ட குழந்தை ஒன்றுக்குக் காய்ச்சல் முற்றி வலிப்பு வந்தது. யாரோ கைபேசியில் படம் பிடித்துப் போட்டதை இணையச் செனல் ஒன்று தூக்கிக்கொண்டது. தூக்க மருந்து கொடுத்துக் குழந்தைகளை உறங்கவைக்கும் ஆயா என்று தலைப்பு வைத்து, அவள் அழுகிற முகத்தையும் போட்டார்கள். வெறும் காய்ச்சல்தான் என்று ஆஸ்பத்திரி சொன்னதை ஒருவரும் போடவில்லை. பிரியந்தி மாதக்கணக்கில் வெறும் தொட்டில்களுக்குக் காவல் இருந்தாள். பிறகு ஒன்றும் இரண்டுமாகக் குழந்தைகள் திரும்பி வரத் தொடங்கின. அந்த நேரத்தில்தான் ஜீவராணி, பிழையான செய்திகளால் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றிய இந்த ஆய்வுக்காக அவளிடம் போனாள்.

"எல்லாத்தையும் சொல்றேங்க்கா. ஆனா நான்தான்னு தெரியக் கூடாது. இப்பத்தான் புள்ளைங்க வருது" என்றாள் பிரியந்தி. ஜீவராணி வாக்குக் கொடுத்தாள். தலையில் அடித்துச் சத்தியம் செய்யாததுதான் குறை.

மண்டபத்தில் பரமலிங்கம் முன்வரிசைக் கதிரைகளுக்குப் பெயர் ஒட்டுவித்துக்கொண்டிருந்தார். ஜீவராணி புத்தகத்தை அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.

"சேர், இந்த வரிய நான் எடுத்திட்டுத்தானே அச்சுக்குக் குடுத்தேன்?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஓம், நான்தான் திரும்பப் போடுவிச்சனான். இடம் இல்லாமல் ஆய்வு எண்டு சொன்னால் ஆர் நம்புவினம்? நாளைக்கு ஒருத்தன் எழும்பி, இது நீங்கள் இருந்து எழுதின கதை எண்டால் நான் என்ன மறுமொழி சொல்லுறது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சேர்."

"பேரை மாத்திப்போட்டம். முகத்தையும் மறைச்சுப்போட்டம். வேறென்ன செய்யிறது? உலகம் முழுக்க இதுதான் நடைமுறை."

"கொழும்புல ஒரு நர்ஸுன்னு எழுதினா யாருன்னு தெரியாது சேர். மேற்பிரிவுப் பிள்ளைக்காம்பரா ஆயான்னு எழுதினா ஒரே ஒரு ஆளுதான்."

"மேற்பிரிவில இருக்கிற சனத்துக்கு அது முதலே தெரிஞ்ச விசயந்தானே பிள்ளை. வெளியில இருக்கிற ஆக்களுக்கு அவவை ஆரெண்டே தெரியாது. பிறகு என்ன பாதிப்பு?"

அவர் சொன்னதில் ஓட்டை இருக்கிறது என்று ஜீவராணிக்கு நன்றாகத் தெரிந்தது. அந்த ஓட்டையில் விரலை வைத்துக் காட்டத்தான் முடியவில்லை. இந்த மனிதரோடு எப்போதும் இதே கூத்துதான். அவர் பேசினால் ஆதாரம், அவள் பேசினால் உணர்ச்சி.

"நான் வாக்குக் குடுத்திருக்கேன் சேர். இதோட வெளியிட மாட்டேன்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். கடைசியில் இறங்கி வந்தார். விழா பிந்தாமல் பார்த்துக்கொள்வதென்றால் அந்த வரியைக் கறுப்பு மையால் அடித்துவிடலாம் என்றார்.

ஜீவராணியும் ஆய்வு உதவியாளர் கஜேந்திரனும் மேடைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்தார்கள். கஜேந்திரன் பக்கத்தைப் பிரிக்க, அவள் மாக்கர் பேனையால் அழித்தாள். ஒரு பெட்டி, இன்னொரு பெட்டி. மை வாடையில் தலை கிறுகிறுத்தது. நாகரிகமான சேலை கட்டி, கொண்டை போட்டு, பணிப்பாளர் என்று அட்டை மாட்டிக்கொண்டு, சுவரில் எழுதியதை அழிக்கிற வேலை. கடைசிப் புத்தகத்தை மூடும்போது வெளியே வரவேற்புரை தொடங்கியிருந்தது.

பரமலிங்கம் நன்றாகப் பேசினார். மற்றவருடைய துயரத்துக்குள் செருப்போடு நுழையக் கூடாது என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். ஜீவராணியின் விரலெல்லாம் கறுப்பு. ஒவ்வொரு சொல்லையும் அவர் மனதாரத்தான் சொல்கிறார் என்பதுதான் அவளுக்கு எரிச்சலை மூட்டியது.

கேள்வி நேரத்தில் திலக்ஷன் எழுந்தான். இணையச் செனல் ஒன்றின் நிருபர், ஆனால் பிரியந்தியின் முகத்தைப் போட்ட செனல் இல்லை. நல்ல பையன் என்றுதான் பெயர்.

"பிழையான செய்தி எவ்வளவு பெருசா போச்சோ, திருத்தமும் அவ்வளவு பெருசா போகணும்னு உங்க பரிந்துரை சொல்லுது. நாங்க அதை இன்னைக்கே செய்யப் போறோம். லிந்துலை மேற்பிரிவுக்குப் போய் அந்த ஆயாவோட நியாயத்தைக் காட்டப் போறோம்."

ஜீவராணி அவன் கையைப் பார்த்தாள். புத்தகம் அவன் கதிரையில் மூடியபடி கிடந்தது. கையில் கைபேசி இருந்தது.

"சேர், இவருக்கு எப்படித் தெரியும்?" என்று பக்கத்தில் குனிந்து கேட்டாள்.

"நேற்றே எல்லாருக்கும் பிடிஎஃப் அனுப்பினனான். ஊடகக்காரருக்கு முன்கூட்டியே குடுக்கிறதுதானே ஒழுங்கு." சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

ஜீவராணி ஒலிவாங்கியைப் பறிக்காத குறையாக வாங்கினாள். "போகாதீங்க தம்பி. அவங்களுக்கு அது விருப்பமில்ல."

"அப்படின்னா அவங்களுக்கு நியாயம் கிடைக்க வேணாமா மிஸ்?" திலக்ஷன் பணிவாகத்தான் கேட்டான். "அந்தப் பரிந்துரை உங்க நிலையத்தோடதுதானே?"

நிலையத்தோடது மட்டுமா? அந்தப் பந்தியை வரிக்கு வரி எழுதியவள் ஜீவராணி. மண்டபத்தில் மறுபடியும் கைதட்டல் எழுந்தது, இந்த முறை திலக்ஷனுக்கு. அவள் பிரியந்தியின் விருப்பம், சம்மதம் என்று இரண்டு மூன்று முறை தொடங்கினாள். நேரம் போய்விட்டது என்று அறிவிப்பாளர் நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

தேநீர் மேசையில் திலக்ஷனைத் தேடினாள், காணவில்லை. வாசலில் நின்ற செனல் வேனும் இல்லை. பிரியந்திக்குப் போன் எடுத்தாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. குழந்தைகள் தூங்குகிற நேரம், சத்தத்தை அடைத்து வைத்திருப்பாள்.

"நானும் வரட்டோ?" என்று பரமலிங்கம் படியில் நின்று கேட்டார். அவர் குரல் இறங்கிப் போயிருந்தது.

"வேணாம் சேர். விருந்தாளிங்களப் பாருங்க" என்று சொல்லிவிட்டு, கஜேந்திரனோடு கிடைத்த ஆட்டோவில் ஏறினாள்.

நானுஓயா இறக்கத்தில் மரக்கறி லொறி ஒன்று பாதையை அடைத்துக்கொண்டு ஊர்ந்தது. அவள் போன் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தாள். லொறியைத் திட்டினாள், மழையைத் திட்டினாள், சிரித்த முகத்தோடு தப்புச் செய்கிற அத்தனை பேரையும் திட்டினாள். ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்துவிட்டு, பயத்தில் இன்னும் மெதுவாக ஓட்டினார்.

மேற்பிரிவு வளைவில் வேன் எதிரே வந்தது. திலக்ஷன் ஆட்டோவை மறித்து இறங்கினான். முகம் மலர்ந்திருந்தது.

"நல்லா வந்திருக்கு மிஸ். முகத்தைக் காட்டவே இல்ல, முதுகுப் பக்கம்தான். அவங்க மேல ஒரு பிழையும் இல்லைன்னு லயத்து வீடுகள்ல இருக்கிற ஆக்கள் முன்னாலயே சொல்லிட்டேன். உங்க சார்பாவும் ஒரு வார்த்தை சொல்றீங்களா?"

அவள் ஆட்டோவை விடச் சொன்னாள்.

பிள்ளைக்காம்பரா வாசலில் ஈரச் செருப்புத் தடங்கள் கிடந்தன. உள்ளே தொட்டில்கள் வரிசையாகத் தொங்கின. ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் வெறுமையாக இருந்தன. பிரியந்தி பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். ஜீவராணியைக் கண்டதும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"நான் தடுக்கத்தான் பார்த்தேன் பிரியந்தி."

"அந்தத் தம்பி நல்லாத்தாங்க்கா பேசிச்சு. நான் மருந்து குடுக்கல, மருந்து குடுக்கலன்னு அஞ்சாறு தடவ சொல்லிச்சு." பிரியந்தி பாயை மூலையில் சாத்தினாள். "எல்லாரும் அத மறந்து இருந்தாங்க. மறந்துதான் புள்ளைய விட்டுட்டுப் போனாங்க. இப்ப ஒவ்வொரு தடவ இல்ல, இல்லன்னு சொல்லக்குள்ளயும் ஒவ்வொருத்தரா எந்திரிச்சு வந்து தூக்கிட்டுப் போனாங்க."

என்ன பாதிப்பு என்று பரமலிங்கம் கேட்டதற்கு மண்டபத்தில் வராத பதில் இதுதான் என்று ஜீவராணிக்குப் புரிந்தது. புரிந்து என்ன செய்வது?

கடைசிக் குழந்தையின் தாய் வந்தாள். கொழுந்து பறிக்கும்போது கட்டுகிற படங்கு இடுப்பிலேயே இருந்தது. கொழுந்துக் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, தலையில் கட்டிய துணியை அவிழ்க்காமலே உள்ளே வந்து, தூங்குகிற பிள்ளை விழித்துவிடாமல் மெல்லத் தூக்கினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"இன்னைக்கு நான் வேலைக்குப் போகல தங்கச்சி. வீட்டுலதான் இருக்கேன். அதான் கூட்டிட்டுப் போறேன்."

"சரிங்க்கா" என்றாள் பிரியந்தி. குழந்தையின் குல்லாயைக் காதுவரை இழுத்துவிட்டு, கூடையைத் தூக்கி அவள் தலையில் மாட்டிவிட்டாள்.